குன்றும் பொழுதும்

நுழையும்முன்

ஒரு வழியை எளியது என்றோ அரியது என்றோ எதைக் கொண்டு முடிவு செய்கிறோம்? வழியின் நீளத்தைக் கொண்டா, ஏற்றத்தைக் கொண்டா, அல்லது அதில் நாம் கால்வைக்கும் காலத்தைக் கொண்டா? புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டத்தில் உள்ள குன்று ஒன்றின்மீது முன்பனிக்காலத்தில் நடந்து பெற்ற பட்டறிவைத் தமிழ் இலக்கிய மரபோடு இணைத்துக் காண்கிறது இக்கட்டுரை.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தைக் கற்பிக்கும்போது மாணவர்கள் தவறாமல் எழுப்பும் வினா ஒன்றுண்டு. “ஐயா, முதற்பொருள் என்று நிலத்தைச் சொன்னது விளங்குகிறது. பொழுதையும் அதனோடு ஏன் சேர்த்தார்கள்? மலை எப்போதும் மலைதானே?” என்று கேட்பார்கள். வகுப்பறையில் இதற்கு விடை கூறுவது கடினமன்று. குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. இவற்றைக் கரும்பலகையில் எழுதிவிடலாம். மாணவர்களும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுவார்கள். ஆயினும் அவர்களுடைய வினா அப்படியே நின்றுகொண்டிருக்கும்.

அவ்வினாவுக்கு உரிய விடையை நான் எங்கள் வட்டாரத்துக் குன்றுகளில்தான் கற்றுக்கொண்டேன். முப்பது ஆண்டுகளாக, பெரும்பாலும் அரையாண்டு விடுமுறையிலோ பொங்கல் விடுமுறையிலோ, மேனிலை வகுப்பு மாணவர்களோடு அக்குன்றுகளில் ஏறி வருகிறேன். ஒரே வழியை ஆடியிலும் மார்கழியிலும் பங்குனியிலும் கண்டவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகக் கூறுவேன். மலை எப்போதும் ஒரே மலையாக இருப்பதில்லை. பொழுது மாறும்போது அதன் வழியும் மாறுகிறது. அவ்வழியில் நடப்பவனிடம் அது கேட்கும் கவனமும் மாறுகிறது.

குளத்தூர் வட்டத்துக் குன்றுகள்

குளத்தூர் என்னும் பெயர் குளம், ஊர் என்னும் இரு சொற்கள் ‘அத்து’ச் சாரியை பெற்றுப் புணர்ந்தது. பெயருக்கேற்ப இது ஏரிகளும் குளங்களும் நிறைந்த நாடு. புதுக்கோட்டை தனியரசாக இருந்த காலத்தில் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என மூன்று வட்டங்கள் இருந்தன. இன்றும் குளத்தூர் ஒரு வட்டத்தின் பெயராக நிலைத்திருக்கிறது. நெல்வயலும் கண்மாயும் மானாவாரி நிலமுமாக விரிந்து கிடக்கும் இச்சமவெளியில், ஆங்காங்கே மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்தாற்போலக் கரும்பாறைக் குன்றுகள் நிற்கின்றன. அவற்றுள் புகழ்பெற்றவை நார்த்தாமலைக் குன்றுகள்.

கீரனூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில் அமைந்த நார்த்தாமலை, ஒரு குன்றின் பெயர் மட்டுமன்று. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, உவச்சன்மலை, பொம்மமலை, பொன்மலை எனப் பல குன்றுகள் சூழ்ந்த ஊர் அது. அனுமன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த துண்டுகளே இக்குன்றுகள் என்பது மக்கள் வழங்கும் கதை. வணிகர்களாகிய நகரத்தார் வாழ்ந்தமையால் ‘நகரத்தார் மலை’ என வழங்கிய பெயரே நார்த்தாமலை எனத் திரிந்தது என்பர்.

மேலமலையின்மீது விசயாலய சோழீச்சுரம் என்னும் கற்கோயில் உள்ளது. மேற்கு நோக்கிய அக்கோயிலின் கருவறை வட்ட வடிவமானது. அதைச் சுற்றிச் சிறு கோயில்கள் உள்ளன. அதற்கு எதிரே, கிழக்கு நோக்கி இரண்டு குடைவரைகள் உள்ளன. ஒன்று பழியிலி ஈச்சுரம். பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 7ஆம் ஆட்சியாண்டில், சாத்தன் பழியிலி என்பவரால் குடைவிக்கப்பட்டது. மற்றொன்றை மக்கள் சமணர் குடகு என்கின்றனர். முற்காலத்தில் சமணர்க்குரியதாக இருந்து, பின்னர்த் திருமாலுக்கு உரியதாக்கப்பட்ட அக்குடைவரையில், ஆளுயரத்துக்குக் குறையாத 12 திருமால் உருவங்கள் சுவரில் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன.

ஊரிலிருந்து புறப்பட்டுக் குளக்கரையைக் கடந்தால் மேலமலையின் அடிவாரம் வரும். அங்கிருந்து பாறைச்சரிவில் ஏறினால், நல்ல உடல்நலம் உடையவர் 20 நிமிடங்களில் கோயிலை அடைந்துவிடலாம். அடர்ந்த காடில்லை, யானை இல்லை, கயிறு கட்டி ஏற வேண்டிய செங்குத்தில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறும் தாய்மாரையும், ஊன்றுகோலோடு ஏறும் முதியவரையும் அங்கே காணலாம். ஆதலால் ‘எளிய மலை’ என்றே எல்லாரும் இதனைக் கூறுவர். அச்சொல்லைத்தான் நாம் சற்று ஆராய வேண்டியிருக்கிறது.

பனியும் பாறையும்

எங்கள் மாவட்டத்தில் பனிக்காலம் என்றால், நீர் உறையும் குளிர் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. மார்கழி, தைத் திங்கள்களின் விடியலில் வெப்பம் ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்கு இறங்கும், அவ்வளவே. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டால் அக்குளிரைத் தாங்கிக்கொள்ளலாம். இங்குப் பனிக்காலத்தின் இடர் குளிரில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழியில் ஓய்கிறது. மழை ஓய்ந்ததும் குன்று காய்ந்துவிடுவதில்லை. பாறையின் பிளவுகளிலும் குழிவுகளிலும் தங்கிய மண், மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பல நாள்கள் வரை சிறிது சிறிதாகக் கசியவிடுகிறது. வானம் தெளிந்து வெயில் அடிக்கும் நாளிலும் பாறைமுகத்தில் நீர்க்கோடு ஒன்று ஓசையின்றி இறங்கிக்கொண்டிருக்கும். கீழிருந்து பார்ப்பவர்க்கு அது நிழல்போலத் தோன்றும்.

அதன்மேல் பனி சேர்கிறது. பனி எல்லா இடத்திலும் ஒரே அளவில் படிவதில்லை. திறந்த பெரும்பாறை பகலில் பெற்ற வெப்பத்தை இரவில் நெடுநேரம் வைத்திருந்து மெல்ல வெளிவிடுவதால், அதன்மேல் பனி குறைவாகவே படியும். விரைவில் குளிர்ந்துவிடும் புல்லிலும் இலையிலும் பனி முத்து முத்தாகக் கோத்து நிற்கும். இவ்வேறுபாட்டை அறியாதவர், ‘பாறை காய்ந்துதானே இருக்கிறது’ என்று துணிந்து கால்வைப்பர். ஆனால் அவர் அப்போதுதான் முழங்கால் உயரப் புல்லைக் கடந்து வந்திருப்பார். அவருடைய காலணியின் அடிப்பகுதி நனைந்து, அதில் சேறும் ஒட்டியிருக்கும். உலர்ந்த பாறையில் ஈரமான காலணி பட்டதும் பிடிமானம் போய்விடும். எனவே, புல்லைக் கடந்தவுடன் நின்று, காலணியைக் கரட்டுக்கல்லில் இரண்டு முறை தேய்த்துவிட்டு நடக்கவேண்டும் என்பதே நான் மாணவர்க்குக் கூறும் முதற்பாடம்.

கதிரவனின் திசையும் பனிக்காலத்தில் கருதத்தக்கது. விசயாலய சோழீச்சுரம் மேற்கு நோக்கியது. ஆதலால் காலை வெயில் எதிரிலுள்ள குடைவரைகளின் முகப்பில் பட்டு, அங்கிருக்கும் திருமால் உருவங்களைப் பொன்னிறமாக்கும் வேளையில், கோயிலின் முன்புறம் நிழலில் கிடக்கும். வெயில் பட்ட பாறை காய்ந்திருக்க, பத்தடி தள்ளியுள்ள பாறை நனைந்திருக்கும். மாலையிலோ கதிரவன் குடைவரைகளின் பின்னுள்ள பாறைக்கு அப்பால் சாய்ந்துவிடுவதால், சமவெளியில் வெளிச்சம் இருக்கும்போதே மலைமேல் நிழல் படர்ந்துவிடும். மார்கழியில் கதிரவன் எழுவதற்குக் காலை ஏறத்தாழ 6.30 மணி ஆகிறது. மாலை 6 மணிக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. ஆனித் திங்களை நோக்க, பகற்பொழுது ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவு. கோடையில் வந்துபோன நினைவை நம்பி ஐந்தரை மணிக்கு இறங்கத் தொடங்குபவர், பாதி வழியில் இருட்டைச் சந்திக்க நேரும்.

கருப்புப் பட்டை

மேலமலைச் சரிவை அடிவாரத்தில் நின்று பார்த்தால், மேலிருந்து கீழாக மை ஊற்றியதுபோல் கருநிறப் பட்டைகள் தெரியும். என் தொடக்ககாலப் பயணம் ஒன்றில், அச்சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் அப்பட்டைகளைப் பற்றி எங்களிடம் பேசினார். மாணவர்கள் வரிசையாக ஏறுவதைக் கண்டு கையிலிருந்த தொரட்டியை உயர்த்தி நிறுத்தினார்.

“பிள்ளைகளா, கருப்பா இருக்கிற எடத்துல காலை வைக்காதீக. வெயில் காலத்துல அது ஒண்ணும் பண்ணாது. இப்ப ஆளை இழுத்துவிட்டுரும்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “வாத்தியாரய்யா, ஆட்டைப் பாருங்க. ஒரு குட்டியாச்சும் அதுமேல போகுதா?” என்று கேட்டார்.

நாங்கள் பார்த்தோம். ஆடுகள் மேய்ந்தபடி சரிவில் குறுக்கே நகர்ந்துகொண்டிருந்தன. கருப்புப் பட்டை வந்ததும் ஒவ்வொன்றும் நின்று, மேலே சென்று, அது குறுகிய இடத்தில் தாவிக் கடந்தது. நெடுநேரம் வேடிக்கை பார்த்தும் ஓர் ஆடுகூட அதில் கால்பதிக்கக் கண்டோமில்லை.

பள்ளிக்குத் திரும்பியபின் உயிரியல் ஆசிரியரிடம் இதைக் கேட்டேன். அவர் விளக்கினார். நீர் வழியும் தடங்களில் நீலப்பச்சைப் பாசியும் கற்பாசியும் படர்ந்து வாழ்கின்றன. கருநிறம் அவற்றால் வருவது. கோடையில் அவை காய்ந்து, பாறையோடு பாறையாகச் சொரசொரப்பான மேலோடாகிவிடும். அப்போது அதன்மேல் நடக்கலாம். ஈரம் பட்டதும் சிறிது நேரத்தில் உயிர்த்தெழுந்து, தம்மைச் சுற்றியுள்ள பசைப்பொருளில் நீரை ஏற்றிக்கொண்டு வழவழப்பாகிவிடும். ஒரே பாறை, ஒரே பட்டை, கோடையில் படி, பனியில் பொறி. அம்மூதாட்டி பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தாரோ இல்லையோ, பொழுதோடு சேர்த்தே நிலத்தைப் படித்திருந்தார். தொல்காப்பியம் கூறும் முதற்பொருளை அவர் ஒரு சொற்றொடரில் விளக்கிவிட்டார்.

தெரியுமா?

மேலமலையில் ‘தலையருவிச் சிங்கம்’ என்னும் சுனை உள்ளது. அச்சுனையின் நீருக்கடியில் பாறையைக் குடைந்து அமைத்த சிவலிங்கக் கருவறை ஒன்று இருக்கிறது. நீரை இறைத்தால் மட்டுமே அதைக் காண இயலும். தொண்டைமான் மன்னர்கள் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டில், நீரை இறைத்து அரசியார் வழிபட்ட செய்தி உண்டு. பருவமழைக்குப் பின் நிறைந்து நிற்கும் பாறைச்சுனைகளின் ஆழத்தை மேலிருந்து மதிப்பிட முடியாது. அவற்றின் விளிம்பு வழுக்கும் தன்மையது. எனவே சுனையில் இறங்குதல் கூடாது.

இருபது நிமிட வழி

சில ஆண்டுகளுக்கு முன் காணும் பொங்கலன்று, பதினோராம் வகுப்பு மாணவர் பதினெண்மரோடு நான் மேலமலைக்குச் சென்றிருந்தேன். காலை வெயில் ஏறி, புல்லின் பனி ஆறத் தொடங்கிய வேளை. கோயிலைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பத்தார் இறங்கிக்கொண்டிருந்தனர். அவர்களுள் இளைஞர் ஒருவர் வேகமாக முன்னே சென்றார். நகரத்தில் வாங்கிய நல்ல காலணி அணிந்திருந்தார். உடற்பயிற்சி செய்து உரமேறிய உடல். வளைந்து செல்லும் தடத்தை விட்டு, நேராக இறங்கினால் விரைவில் போய்விடலாம் என்று எண்ணிப் பக்கவாட்டுப் பாறையில் கால்வைத்தார். அவ்விடம் கருத்திருந்தது.

அவர் அலறக்கூட இல்லை. உட்கார்ந்த நிலையிலேயே பன்னிரண்டு அடி தொலைவு சறுக்கி, ஒரு காரைச்செடியில் மோதி நின்றார். அச்செடிக்கு அப்பால் இரண்டு ஆள் உயரத்துக்குப் பாறை செங்குத்தாக இறங்கியிருந்தது. வலக்கணுக்கால் முறிந்து, பாதம் ஒருபுறமாகத் திரும்பிக் கிடந்தது.

அவருடைய தந்தை, மகனை நோக்கி அதே வழியில் இறங்க முனைந்தார். என் மாணவன் ஒருவன் அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டான். “அங்க போகாதீங்க பெரியப்பா, நீங்களும் விழுந்துடுவீங்க. சுத்தி வாங்க, நான் வழி காட்டுறேன்” என்றான். முன்பின் அறியாத மனிதரை ‘பெரியப்பா’ என்று அழைத்த அச்சொல்லே அவரை நிறுத்தியது என்று இன்றும் நினைக்கிறேன். மாணவர்கள் கருப்புப் பட்டையை விட்டு விலகி, மேலேறிச் சுற்றிவந்து, கரடான பாறைமேல் அமர்ந்தபடியே நகர்ந்து இளைஞரை அடைந்தனர். மாணவியர் இருவர் தம் துப்பட்டாக்களைத் தந்தனர். இரண்டு குச்சிகளை அணைகொடுத்து முறிந்த கால் அசையாதவாறு கட்டினோம். 108 ஊர்திக்குச் செய்தி சொன்னோம். ஊர்தி அடிவாரம் வரைதான் வரும். மேலிருந்து கீழே கொண்டுவருவது எங்கள் பொறுப்பாயிற்று.

அதன்பின்தான் அவ்வழியின் உண்மையான தன்மை எங்களுக்கு விளங்கியது. தனியாக நடப்பவன் தாவிக் கடக்கும் கல்லை, ஒருவரைச் சுமந்துகொண்டு கடப்பதற்கு நால்வர் வேண்டியிருந்தது. ஒருவர் கால்வைக்கும் இடத்தை மற்றொருவர் முன்னே சென்று தொட்டுப் பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது. பத்து அடிக்கு ஒருமுறை இறக்கி வைத்து ஆளை மாற்றினோம். ஒவ்வொரு முறையும் அவ்விளைஞர் பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டார். அவருடைய தாய் பின்னால் வந்துகொண்டே, “பார்த்துய்யா, பார்த்துய்யா” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

அடிவாரத்தை அடைந்து அவரை ஊர்தியில் ஏற்றி அனுப்பியபின், மாணவி ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஐயா, காலையில ஏற இருபது நிமிஷம் ஆச்சு. இறங்க ஒன்றரை மணி நேரம் ஆயிருக்கு.” சிறிது பொறுத்து அவளே, “அப்ப இது எளிய மலைன்னு எப்படிச் சொல்றது?” என்று கேட்டாள்.

அந்த இளைஞர் பின்னர் நலம்பெற்றார் என்று அறிந்தோம். அம்மாணவியின் வினா எங்களோடு தங்கிவிட்டது. வழியை அளக்கும்போது நாம் ஏறும் நேரத்தையே கணக்கிடுகிறோம். ஒருவர் அடிபட்டால் அவரைச் சுமந்து இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், எந்த வழியையும் எளியது என்று கூறுவதற்குமுன் நாம் சற்றுத் தயங்குவோம்.

மலைபடுகடாம் காட்டும் வழி

இவ்விழிப்பு நமக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது, நன்னனைப் பாடியது, பெருங்கௌசிகனாரால் இயற்றப்பட்டது. கூத்தரை வள்ளலிடம் ஆற்றுப்படுத்தும் அந்நூல், செல்ல வேண்டிய மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. பன்றியைப் பிடிக்க அமைத்த பொறிகள் உண்டு. பாம்புகள் மறைந்திருக்கும் குழிகள் உண்டு. தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கற்கள் உண்டு என்று எச்சரிக்கிறது. ஆழ்ந்த குளங்களை ஒட்டிய குறுகிய வழிகளில், அடியைத் தளரச் செய்யும் நுண்ணிய நீர்ப்பாசி படர்ந்திருக்கும் என்று சுட்டி, அங்கே அடர்ந்து நிற்கும் மூங்கிலையும் கொறுக்கைத் தண்டையும் பற்றிக்கொண்டு கடக்குமாறு அறிவுறுத்துகிறது. இரவு வந்தால் வீட்டிற்குள் புகுவதுபோல் குகைக்குள் புகுந்து தங்கி, வானம் வெளுத்தபின் எழுந்து செவ்விய வழியைப் பற்றிச் செல்க என்கிறது.

ஈராயிரம் ஆண்டுகளை ஒட்டிய பழைமை உடைய இவ்வறிவுரைகளில் எதை இன்று தள்ள முடியும்? பாசியைக் கண்டு ஒதுங்குதல், பற்றுக்கோட்டை உறுதி செய்தல், இருளில் நடவாமை, விடிந்தபின் நடத்தல் ஆகியவற்றைத்தான் இன்றைய மலையேற்றப் பயிற்சியாளரும் கற்பிக்கிறார். சங்க அகப்பாடல்களிலும், இரவில் மலைவழியே வரும் தலைவனை எண்ணித் தோழி அஞ்சுவதை ஒரு மரபாகவே காண்கிறோம். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் யாமமும் ஏன் உரியவாயின என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. வழி மிக அரிதாகும் காலத்தில் வருகிறான் என்பதனால்தான் அவன் வருகைக்கு மதிப்பும், அவள் அச்சத்திற்குப் பொருளும் உண்டாகின்றன. பொழுதை நீக்கிவிட்டால் அப்பாடல்களில் ஒரு மனிதன் மலையில் நடக்கும் செய்தி மட்டுமே மிஞ்சும்.

எங்கள் மாவட்டத்துச் சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளம் உள்ளது. சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் அங்கே உள்ளன. அதை அடையப் பாறையில் கால்வைப்பதற்கு வெட்டிய ஏழு குழிகளால் அப்பெயர் அமைந்தது என்பர். பெயரிலேயே ஒரு வழிகாட்டுதலைப் பொறித்து வைத்த மக்கள் நம் முன்னோர். ஓரிடத்தில் நிலையாகத் தங்காது நடந்துகொண்டே இருப்பது சமண முனிவரின் நெறி. அவர்களும் மழைக்காலம் நான்கு திங்களும் நடையை நிறுத்தி ஓரிடத்தில் தங்கினர். சிற்றுயிர்கள் மிதிபடலாகாது என்னும் அருளுணர்வே அதற்குக் காரணம். நடப்பதற்குரிய காலம் உண்டு என்றால், நடவாமல் இருப்பதற்குரிய காலமும் உண்டு என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

முன்பனியும் பின்பனியும்

மார்கழி, தை கடந்து மாசி, பங்குனி வந்தால் பின்பனிக்காலம். அதனை வேனிலோடு சேர்த்துப் பாலைக்கு உரியதாக்கினர் நம் முன்னோர். இரவில் குளிர் இருக்க, வறண்ட நிலத்திற்கு அதை ஏன் வைத்தனர் என்று தோன்றலாம். அந்நாள்களில் குன்றின்மேல் நடந்தால் ஐயம் தீரும். விடியலில் பனி இருக்கும். நண்பகலில் பாறை சுடும். கசிவு நின்றுவிடும். கருப்புப் பட்டை காய்ந்துவிடும். மழைநீர் அடித்து வந்து தடத்தில் சேர்த்த பருமணல், இப்போது உலர்ந்து, காலடியில் உருளும். மழையில் செழித்து வளர்ந்த புல் முழுவதும் வைக்கோலாகி நிற்கும். வழுக்கலின் இடத்தில் நெருப்பு வந்து அமர்ந்துகொள்ளும்.

2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலைப்பகுதியில் பரவிய காட்டுத்தீயில், மலையேற்றத்திற்குச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர்கள். அந்நாள் மாசித் திங்களின் இறுதிப் பகுதி; பின்பனிக்காலம். உலர்ந்த புல்வெளியும் காற்றும் சேர்ந்தபோது ஓடித் தப்புவதற்குக்கூட அவர்களுக்குப் பொழுது கிட்டவில்லை. அத்துயரை எண்ணும்போதெல்லாம், இறந்தவர்களைக் குறைகூறும் எண்ணம் எழுவதில்லை. மலையைப் பொழுதோடு சேர்த்துப் படிக்கும் கல்வியை நாம் இளைஞர்க்கு எந்த அளவுக்குத் தந்திருக்கிறோம் என்ற கேள்விதான் எழுகிறது.

அக்கல்வி மக்கள் வழக்கில் எங்கும் இருக்கிறது. இமயத்தில் கேதார்நாத் கோயில் பனிக்காலம் தொடங்கும்போது நடை சாத்தப்படுகிறது; இறைவனின் திருவுருவம் மலையிலிருந்து இறங்கி உக்கிமடத்திற்கு எழுந்தருள்கிறது. வழி மூடும் காலத்தில் தெய்வமே கீழே இறங்கி வரும் என்று வழக்கம் அமைத்துக்கொண்டது அம்மலைநாடு. கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளில் ஏறுவதற்குப் பிப்ரவரி முதல் மே வரையே வனத்துறை இசைவு தருகிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைவழிகளைத் தேர்ந்தெடுத்து, எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என வகுத்து, வழிகாட்டியோடு செல்லும் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. இவ்வகைப்பாடு பயனுடையது. அதைப் படிக்கும் நாம் ‘எந்தத் திங்களில், எந்த நாழிகையில்?’ என்னும் வினாவையும் அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பொழுதைக் குறித்தல்

இவ்வளவும் கூறுவதால் பனிக்காலத்தில் குன்றேறலாகாது என்று கொள்ள வேண்டா. எங்கள் குன்றுகள் தம் முழு அழகையும் காட்டுவது முன்பனியில்தான். வெண்மூட்டம் மெல்ல விலகும்போது குளத்தூர் நாட்டின் கண்மாய்கள் ஒவ்வொன்றாகக் கண்விழிக்கும். அறுவடைக்குக் காத்திருக்கும் சம்பாவின் மஞ்சள், நீரின் வெண்மை, பனைகளின் கருமை ஆகியவை மேலிருந்து காண்பவர் நெஞ்சைவிட்டு எளிதில் அகலா. கோடையில் வெந்து கிடக்கும் பாறையில் அப்போது சுனை நிறைந்திருக்கும். மயில்கள் வெயில் காய வரும். அக்காட்சிக்காக நாம் செய்ய வேண்டியவை மிகச் சிலவே. வெயில் பாறையைத் தொட்டபின் ஏறுதல், நிழல் பாறையை மூடுமுன் இறங்குதல், மூட்டம் வந்தால் தடத்தைத் தேடி அலையாமல் அது விலகும்வரை ஓரிடத்தில் அமர்ந்திருத்தல், கருத்த இடத்தைத் தவிர்த்தல், ஏறும்போதினும் இறங்கும்போது மெல்ல நடத்தல், வெயில் காயும் பாம்பையும் பாறை முகட்டுத் தேனடையையும் கண்டால் ஓசையின்றி விலகுதல், தனியே செல்லாமை.

விசயாலய சோழீச்சுரத்தில் ஒரு கல்வெட்டு உள்ளது. இளங்கோவதியரையர் எடுப்பித்த அக்கற்றளி மழையால் இடிந்தது என்றும், மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் அதனைப் புதுப்பித்தான் என்றும் அது கூறுகிறது. அரசன் பெற்ற வெற்றிகளையும் கொடுத்த கொடைகளையும் மிகுதியாகக் கேட்டுப் பழகிய நமக்கு, மழை செய்ததைக் கல்லில் பதிந்து வைத்த அச்சிறு கல்வெட்டு வியப்பைத் தருகிறது. மலையின்மேல் எதைச் செய்தாலும், பொழுதும் அதில் ஒரு பங்காளி என்பதை அக்காலத்தவர் மறைக்கவில்லை.

இப்போதெல்லாம் பயணத்திற்குமுன் மாணவர்கள் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்கிறார்கள். ஊர், குன்று, தொலைவு, உயரம் என்பவற்றோடு திங்கள், நாழிகை, பாறையின் ஈரம், நிழல் விழும் பக்கம், இறங்கத் தொடங்க வேண்டிய நேரம் ஆகியவற்றையும் எழுதுகிறார்கள். மேலமலைக்கு நேரே ஒரு பிரிவினர் ‘எளிது’ என்று எழுதியிருந்தனர். மற்றொரு பிரிவினர் அதன் அருகில் ‘தை 3, காலை 9 மணிக்குமேல், கிழக்குச் சரிவில்’ என்று சேர்த்திருந்தனர். முதற்பொருளுக்கு அதனினும் தெளிவான உரையை நான் இன்னும் படிக்கவில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள குன்று, கண்மாய்க்கரை, ஆற்றங்கரை ஆகியவற்றுள் ஒன்றை இருவேறு பெரும்பொழுதுகளில் கண்டு, அவ்விடத்து வழி எவ்வாறு மாறியிருக்கிறது என்பதை ஒப்பிட்டு எழுதுக.

2. ஆடு மேய்ப்போர், தேன் எடுப்போர், உழவர் ஆகியோரிடம் பனிக்காலத்தில் நடப்பது குறித்து அவர்கள் கூறும் அறிவுரைகளைக் கேட்டு, அவர்களுடைய சொற்களிலேயே தொகுக்க.

3. ‘நிலத்தைப் பொழுதோடு சேர்த்தே அறிய வேண்டும்’ என்னும் கருத்தை, குறிஞ்சி, பாலை ஆகிய திணைகளின் முதற்பொருளைக் கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.